பல்லாங்குழியும் சுதேசிக் கப்பலும்

பல்லாங்குழியைப் பெண்டிர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நம் வழக்கம். பொருளியலின் முதற்பாடத்தை அதனினும் எளிதாக விளக்கும் கருவியை என் ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை. குழிகள் 14, குழிக்கு ஐந்தாகச் சோழிகளை இட்டால் இருவருக்கும் 35. தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை. முதலாட்டத்தில் தோற்றவரோ, கைப்பொருளைக் கொண்டு இயன்ற குழிகளையே நிரப்புவார். ஏனையவை வெறுமையாய்க் கிடக்கும். அக்குறையோடுதான் அடுத்த ஆட்டம். தனியுடைமையின் பிறப்பையே இதில் கண்டார் பேராசிரியர் தொ. பரமசிவன். அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மாகி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டமும், நிலம் சிலர் கையில் குவிவதன் கேட்டைக் காட்ட எழுந்ததே.

மாணவர்களே, இக்குழிகளை வைத்தே நான் தூத்துக்குடி வரலாற்றைக் கற்பித்தேன். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்; சிறுவணிகரும் சேரலாம். கொழும்புத் தடத்தில் எதிரே நின்றதோ, குழிகளெல்லாம் நிறைந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது, சுதேசியும் குறைத்தது. முடிவில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள வெள்ளையர் முன்வந்தனர், குடையும் கொடுத்தார்களாம்!

“நீ எக்கப்பலில் ஏறுவாய்?” என்று வகுப்பில் கேட்பேன். பலர் இலவசக் கப்பலையே சொல்வர். ஒருமுறை கடைசி வரிசை மாணவன் ஒருவன், “சுதேசிக் கப்பல் நின்றுபோனபின் கட்டணம் எவ்வளவு, ஐயா?” என்றான். அவ்வினாவுக்காகவே நான் ஆண்டுதோறும் காத்திருந்தேன்.

பல்லாங்குழியில் விதியேனும் இருவருக்கும் பொது. தூத்துக்குடியில் அதுவும் இல்லை. அரசே ஒரு பக்கம் சாய்ந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார்; 1911க்குள் கம்பெனி கலைந்தது.