ரீச்சர் என்ற சொல்

இம்மலரில் எமக்குக் கற்பித்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்திலும் போட வேண்டும் என்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவிகள் கேட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெயர்களை எழுதுவதில் சிக்கல் இல்லை. பட்டியலுக்கு என்ன தலைப்பிடுவது என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் போய்விட்டன.

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் கற்பித்தவர் சட்டம்பியார் அல்லது உபாத்தியாயர். கூத்துப் பழக்கியவர் அண்ணாவியார். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் மறு ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கியபின் ஆங்கிலச் சொற்களும் வந்து சேர்ந்தன. உடுவிலில் 1840 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய எலைசா அக்னியூ மணமாகாதவர். அவருக்கு 'மிஸ்' பொருந்தும். நாமோ நான்கு பிள்ளைகள் பெற்ற ஆசிரியையையும் 'மிஸ்' என்றே கூப்பிட்டு வளர்ந்தோம்!

'ரியூட்டர்' என்பதற்கு லத்தீன் மூலத்தில் பாதுகாப்பவர் என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊர்க் காதில் அது ரியூட்டரியையும் மாதக் கட்டணத்தையுமே நினைவூட்டும். 'இன்ஸ்ட்ரக்டர்' என்றால் கார் ஓட்டப் பழக்குபவர்தான் முன்னே வருகிறார். 'புரொபெசர்' பல்கலைக்கழகப் பதவி. 'டொக்டர்' என்பதன் வேர்ப்பொருளே கற்பிப்பவர் என்பது எம்மில் மருத்துவரானவர்களுக்கு மகிழ்ச்சி தந்தது. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் இரு பொருளிலும் டொக்டர்.

'ரீச்சர்' என்று முடிவான பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது. தொண்டராசிரியர்களை என்ன செய்வது? தொண்ணூறுகளில் மின்சாரமில்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்து வந்தபோது வடமராட்சி வகுப்பறைகளில் பிள்ளைகள் நெருங்கி இருந்தார்கள், ஆசிரியர்கள் போதவில்லை. உயர்தரம் முடித்த அக்காமார் நியமனக் கடிதமில்லாமல் வந்து கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தார்கள்.

அவர்களை 'வொலன்ரியர்' என்று தனியாகப் போடலாம் என்றார் ஒருவர். ஆவணத்தின்படி அதுவே சரி என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நேர்மை உண்டு. ஆனால் ரொறன்ரோவில் வளரும் பிள்ளைக்கு அச்சொல் சனிக்கிழமை ஒருமணி நேரம் உதவிக்கு வந்தவரையே காட்டும். எமக்குச் சமன்பாடு விளங்கும்வரை வெயிலேறியும் வீடு போகாமல் நின்றவரை அது காட்டாது. மேலும், நாம் அவர்களை வகுப்பில் எப்படிக் கூப்பிட்டோம்? 'ரீச்சர்' என்றுதானே. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு அவர்கள் முதலில் வெட்கப்பட்டது நினைவிருக்கிறது.

அவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சரிபார்த்தோம். "என்ர பேரும் போடுறீங்களோ பிள்ளையள்? என்னட்டை நியமனத் திகதி ஒண்டும் இல்லையே" என்றார்.

பட்டியலில் ஒரே தலைப்பு. பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. நியமனத் திகதிக்கென இருந்த நிரலை எடுத்துவிட்டோம்.