எடையா, எண்ணிக்கையா?

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டதும் ஜோகனஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. 1902இல் கணக்கெடுத்தபோது, போருக்கு முன் அங்கே இயந்திரத்தால் பாறையில் துளையிட்ட வெள்ளையர் 1,377 பேரில் 225 பேர் இறந்திருந்தார்கள். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பழி, குவார்ட்ஸ் பாறையின் தூசிமேல் விழுந்தது. அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் நோய்தான் சிலிக்கோசிஸ்.

தண்ணீர் தெளித்தார்கள், புழுதி அடங்கியது. நோய் அடங்கவில்லை.

தூசியை அளந்த முறையிலேயே கோளாறு இருந்தது. சர்க்கரை நிரப்பிய குழாய் வழியே காற்றை இழுத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டியில் தங்கிய தூசியை எடை போட்டார்கள். பத்து மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துகளின் எடை, ஒரு மைக்ரான் துகள்கள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். நுரையீரலின் காற்றறைவரை போகிறவை ஏறக்குறைய ஐந்து மைக்ரானுக்கு உட்பட்டவை. தராசு பெரியதையே பேசியது, கொல்வதைப் பேசவில்லை.

1916இல் அரசின் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்சே கோனிமீட்டரை உருவாக்கினார். கையடக்கமான கருவி. ஐந்து கன சென்டிமீட்டர் காற்றை உறிஞ்சி, வாசலின் தடவிய கண்ணாடித் தகட்டின்மேல் பீய்ச்சும். ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கிடைத்தது ஒரு நொடியின் கணக்கு; தொழிலாளியோ நாள் முழுக்க மூச்சு விடுகிறவர்.

தீர்வு பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே 1952இல் மருத்துவ ஆய்வுக் கவுன்சில், நுரையீரலின் ஆழத்தை எட்டும் தூசிக்கு வரையறை வகுத்தது. 1959இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் குறித்து ஜோகனஸ்பர்க்கில் நடந்த மாநாடு அதை ஏற்றது. கருவியே மூக்கின் வேலையைச் செய்து பெரிய துகள்களை முதலில் கழித்துவிட, மிஞ்சியதை எடை போட்டார்கள். நிலக்கரித் தூசியைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட இந்த எடையே நோயோடு நெருங்கிப் பொருந்துகிறது என்று பல்லாயிரம் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1970இல் காட்டியது.

துகளை இத்தனை நுணுக்கமாக அளந்த தென்னாப்பிரிக்கா, கறுப்பினத் தொழிலாளிகளின் நுரையீரலுக்கு அந்த அக்கறையைக் காட்டவில்லை. அவர்களுக்கான இழப்பீடு பல பத்தாண்டுகள் வெள்ளையருடையதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. இது மன்னிக்கத்தக்க தவறல்ல. 2019 ஜூலையில்தான் நோயுற்ற தொழிலாளிகளுக்குச் சுரங்க நிறுவனங்கள் இழப்பீடு தரும் ஐந்நூறு கோடி ரேண்ட் உடன்பாட்டை ஜோகனஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது. அதிலும், 1965 மார்ச் 12க்கு முன்பே சுரங்கத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு இடமில்லை.