மாமாவின் கையில் போட்ட வட்டம்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஆய்வகத்தில் வேலை. பேச்சுவாக்கில், "காசோனி டெஸ்ட்னு ஒண்ணு அந்தக் காலத்தில இருந்ததாமே டீச்சர், கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றாள். எனக்கு உடனே பெரிய மாமாவின் இடது முன்கைதான் கண்முன் வந்தது. உறவுக்காரர்களில் வயதானவர்களுக்கு அந்தக் கதை தெரியும். பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

மாமா ஆடு மேய்த்தவர். 1977-ல் வலது விலாவுக்குக் கீழே வலியும் வீக்கமும். ஆட்டோடும் நாயோடும் பழகுகிறவர் என்பதால் டாக்டர்களுக்கு நீர்க்கட்டிச் சந்தேகம். எக்கினோகாக்கஸ் என்ற சின்ன நாடாப்புழு நாயின் குடலில் இருக்கும். அதன் முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போய், ஈரலில் நீர் நிறைந்த கட்டியாக வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடியும் புழு. நடுவில் மனிதன் அகப்பட்டால் அவன் ஈரலிலும் கட்டி.

அப்போது எங்கள் பக்கம் ஸ்கேன் கிடையாது. இருந்தது காசோனி பரிசோதனை. டொமாசோ காசோனி என்ற இத்தாலிய மருத்துவர் 1912-ல் எழுதி வெளியிட்ட முறை. கட்டியிலிருந்து எடுத்த நீரை வடிகட்டி, 0.2 மில்லி அளவு தோலுக்குள் போடுவார்கள். 20 நிமிடத்துக்குள் பெரிய தடிப்பு எழும்பினால் நோய் இருக்கிறது என்று கொள்வார்கள்.

மாமாவுக்கு எழும்பியது. சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்களாம். நீர்க்கட்டி என்றால் ஊசி குத்தி நீர் எடுக்கப் பயப்படுவார்கள். நீர் உள்ளே சிந்தினால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். ஆகவே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே நீர்க்கட்டி இல்லை. காப்பி நிறத்தில் சீழ். அமீபாவால் வந்த சீழ்க்கட்டி! அதற்கு மாத்திரையும், தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பதுமே போதும். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஓய்வுக்குமாகப் பாதி ஆடுகள் போயின. தழும்பைக் காட்டி, "கை சொன்ன பொய்யை வயிறு அனுபவிச்சது" என்பார்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு பாட்டிலில் இருந்திருக்கலாம். கட்டியின் நீர் ஓர் ஆட்டுக்கு ஒரு மாதிரி, இன்னோர் ஆட்டுக்கு வேறு மாதிரி. அதில் புழுவின் புரதத்தோடு ஆட்டின் புரதமும் கலந்திருக்கும். வேறு புழு இருப்பவர்களுக்கும் தோல் தடிக்கும். மருந்து கெட்டியாக இருந்தால் நோயில்லாதவர்களுக்குக்கூடத் தடிக்கும். அதனால்தான் பிற்பாடு நைட்ரஜன் அளவை வைத்துப் புரதத்தின் வீரியத்தைக் கணக்கிட்டு ஒரே சீராக்கப் பார்த்தார்கள். முழுசாகக் கைகூடவில்லை. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்ததும் காசோனியை ஒதுக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. ஒரு கையில் மருந்து போட்டால் மறு கையில் வெறும் உப்புநீர் போட வேண்டும். மாமாவுக்கு ஒரே ஊசிதான் நினைவிருந்தது. ஒளிச்சேர்க்கைச் சோதனையில் ஓர் இலையைக் கறுப்புத்தாளால் மூடச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? "எதுக்கு டீச்சர் வேஸ்ட்டா?" என்று கேட்டவனும் இதைப் படிக்கிறான் என்று நினைக்கிறேன். அதே சங்கதிதான்.

பிரேசிலில் இது பெரிய பாடமானது. அங்கே 1926-ல் மான்டிநிக்ரோ என்ற மருத்துவர் லீஷ்மேனியா நோய்க்குத் தோல் சோதனை கண்டார். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி அது. செத்த ஒட்டுண்ணிகளைத் தோலுக்குள் போட்டு 48 அல்லது 72 மணி நேரம் கழித்து அளப்பார்கள். 5 மில்லிமீட்டர் இருந்தால் 'ஆம்'. மருந்து கெடாமலிருக்கச் சிலர் தைமரோசால் சேர்த்தார்கள். நோயே இல்லாத சிலருக்கும் கை தடித்தது. காரணம் ஒட்டுண்ணி இல்லை, தைமரோசால் ஒவ்வாமை! மறு கையில் தைமரோசால் கலந்த வெறும் நீரைப் போட்டுப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது.

அளப்பதிலும் தகராறு உண்டு. சிவப்பை அளப்பார் ஒருவர், கெட்டிப்பை அளப்பார் இன்னொருவர். அளக்க வேண்டியது கெட்டிப்பைத்தான். 1975-ல் சோகல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு எளிய வழி எழுதினார். பால்பாயின்ட் பேனாவால் வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்லக் கோடு இழுங்கள். கெட்டிப்பு தொடங்கும் இடத்தில் பேனா தடுக்கி நிற்கும். நாலு பக்கமும் இழுத்து, இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். எவ்வளவு அழகு பாருங்கள்! லீஷ்மேனியா சோதனைக்கும் இந்தப் பேனா முறையே வந்தது.

இன்றைய தர விதிகளின்படி தயாரித்த லீஷ்மேனியா மருந்து கிடைக்காமல் அந்தச் சோதனையே பல நாடுகளில் வழக்கொழிந்தது. அதை மறுபடி கொண்டுவர விதிப்படி தயாரிக்கும் முயற்சி பற்றி 2023-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது.

மாமா போய்ப் பதினாறு வருஷம். அத்தையிடம் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் இருக்கிறதாம். அடுத்த முறை ஊருக்குப் போகும் பிள்ளைகள் யாராவது ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.