இழுவைப் பாதையும் பொதுவழியும்
தேம்ஸ் நதிக்கரையில் ஒரு நடைவழியின் வரலாறு

வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுக்களிலும் தேடிப் பழகிய நாம், மக்கள் அன்றாடம் கால்பதித்து நடந்த வழிகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வது அரிது. ஆயினும் ஒரு நாட்டின் நிலவுடைமை, வாணிபம், சட்டம், வர்க்க உறவு ஆகியன எவ்வாறு மாறிவந்தன என்பதை ஓர் ஒற்றையடிப் பாதையும் எடுத்துக்காட்டக் கூடும். இலண்டனின் தென்மேற்கே, தேம்ஸ் நதியின் கரையில் அமைந்த றிச்மண்ட், கிங்ஸ்ரன் என்னும் அயல் நகரங்களை இணைக்கும் ஆற்றங்கரைப் பாதை அத்தகையதொன்று. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமுடைய இப்பாதையில் ஏற்றமோ இறக்கமோ குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. இன்று முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நடந்து செல்லும் வழியாக இது விளங்குகின்றது. இவ்வழி எவருக்காகச் சமைக்கப்பட்டது? எவ்வாறு பொதுமக்களின் உரிமையாயிற்று? அவ்வுரிமைக்கு விலை கொடுத்தோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மனங்கொள்ள வேண்டியது, இப்பாதை உலாவுவோருக்காக அமைக்கப்பட்டதன்று என்பதாகும். நீராவி இயந்திரம் வருமுன்னர், மேல்நாட்டுத் தானியமும் மரமும் பிற சரக்குகளும் பாரப்படகுகளிலேயே இலண்டனை அடைந்தன. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தல் வேண்டும். தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தோர் மனிதரே. தோளிற் கயிறு பூட்டிக் கூட்டமாக இழுத்துச் சென்ற கூலியாட்களின் இடத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குதிரைகள் படிப்படியாகப் பெற்றுக்கொண்டன. பாரம் இழுக்கும் குதிரைக்குச் சமதரை வேண்டும். ஆற்றை விட்டு விலகாத வழி வேண்டும். இன்றைய நடைபயணி அனுபவிக்கும் இலகு, அன்றைய உழைப்பின் தேவையிலிருந்து பிறந்ததாகும்.

எனினும் ஆறு பொதுவாயிருந்தமையாற் கரையும் பொதுவாயிருந்தது எனக் கொள்ளுதல் தவறு. படகு செல்லக்கூடிய ஆறுகளின் கரைகளில் நின்று படகிழுக்கும் உரிமை பொதுமக்களுக்கு நாட்டின் பொதுச்சட்டப்படி இல்லை என 1789 ஆம் ஆண்டு 'போல் எதிர் ஹேர்பேட்' என்னும் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஒவ்வொரு துண்டு நிலத்திலும் இழுவைப் பாதைக்கான உரிமையை வழக்காற்றால் நிறுவவோ, விலைக்குப் பெறவோ, பாராளுமன்றச் சட்டத்தால் உறுதிப்படுத்தவோ வேண்டியிருந்தது. நதியின் இப்பகுதியை அந்நாளில் நிருவகித்த இலண்டன் மாநகர சபையும் பாராளுமன்றச் சட்டங்களின் துணையுடனேயே இழுவைப் பாதையைச் சீர்ப்படுத்த வேண்டியதாயிற்று. படகு செலுத்துவோர் ஆயம் இறுத்தனர். பாலங்களின் நிலையும் இதுவே. 1777 இற் கட்டிமுடிக்கப்பட்ட றிச்மண்ட் பாலத்தைக் கடந்தோர், அதில் முதலிட்ட பங்காளருள் இறுதியானவர் இறந்த 1859 ஆம் ஆண்டு வரை ஆயம் செலுத்தினர். கிங்ஸ்ரன் பாலத்தின் ஆயம் 1870 இலேயே நீங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நதியின் இயல்பும் பயனும் ஒருங்கே மாறின. இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள ரெடிங்ரனில் 1811 இல் அணையும், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் 'லொக்' எனப்படும் கதவடைப்பும் அமைக்கப்பட்டன. கடலின் வற்றுப்பெருக்கு நதியில் எட்டும் எல்லை இதுவேயாதலின், நடந்து செல்பவர் ஒரே வழியில் இருவேறு நதிகளைக் காண்பார்: றிச்மண்டிலிருந்து ரெடிங்ரன் வரை நாளிருமுறை ஏறியிறங்கும் நீர், அதற்கு மேலே கிங்ஸ்ரன் வரை அடங்கியோடும் நன்னீர். பல சிறு வளைவுகளால் நீரோட்டத்தைத் தடுத்துநின்ற பழைய இலண்டன் பாலம் 1831 இல் புதிய பாலம் திறக்கப்பட்டதையடுத்து இடிக்கப்பட்டபோது, தடை நீங்கி வற்றுநீர் மேலும் தாழ்ந்தது. பல மைல்களுக்கு அப்பாலுள்ள றிச்மண்டிலும் ருவிக்கனத்திலும் ஆறு சேறாகக் காட்சியளித்தது. 1894 இல் றிச்மண்டுக்குச் சற்றுக் கீழே மற்றொரு கதவடைப்பு அமைக்கப்பட்ட பின்னரே இக்குறை நீங்கிற்று.

இதற்கிடையில் 1846 இல் புகையிரதம் றிச்மண்டை அடைந்தது. சரக்குகள் தண்டவாளத்திற்கு மாறின. இழுவைக் குதிரைகள் அருகின. படகுகளை வறிதாக்கிய அதே புகையிரதம், இலண்டனின் தொழிலாளரையும் எழுதுவினைஞரையும் விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தமை நோக்கற்பாலது. 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. 1885 ஆம் ஆண்டின் தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம், ரெடிங்ரனுக்கு மேற்பட்ட நதியைப் பொதுமக்களின் பொழுதுபோக்கிற்குரிய இடமாகப் பேணும் நோக்குடன் இயற்றப்பட்டது. உற்பத்தியின் கருவியாயிருந்த நதி ஓய்வின் களமாயிற்று. குதிரைக்கென அமைந்த வழி மனிதருக்கு உரியதாயிற்று.

ஆயின் இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. இவ்வட்டாரத்தில் நடக்கும் உரிமைக்கான போராட்டத்திற்கு நீண்ட மரபு உண்டு. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தை முதலாம் சாள்ஸ் மன்னன் 1637 இல் மதிலெழுப்பித் தன் வேட்டைக்காடாக்கினான். அதுவே றிச்மண்ட் பூங்கா. மதிலினூடே மக்கள் நடந்துசெல்லும் வழக்கம் தொடர்ந்தபோதிலும், 1751 இல் அதன் பொறுப்பை ஏற்ற இளவரசி அமீலியா அவ்வழிகளை அடைத்தாள். ஜோன் லூயிஸ் என்னும் றிச்மண்ட் மதுவடிப்பாளர் வழக்குத் தொடுத்து 1758 இல் வெற்றி பெற்றார். மதிலின் மேல் ஏறியிறங்க ஏணிகள் வைக்கப்பட்டன. அவ்வேணிகளின் படிகள் முதியோரும் சிறுவரும் ஏற இயலாதவாறு இடைவெளி மிகுந்தனவாக அமைக்கப்பட்டன என லூயிஸ் மீண்டும் முறையிட்டபோது, கிழவிகளும் ஏறத்தக்கவாறு அவை திருத்தப்படல் வேண்டும் என நீதியரசர் மைக்கல் பொஸ்ரர் பணித்ததாகப் பிற்கால நினைவுக்குறிப்பொன்று கூறும். உரிமையை ஏட்டளவில் வழங்கி நடைமுறையில் மறுக்கும் தந்திரத்தை அந்நீதியரசர் கண்டுகொண்டார் எனலாம்.

ஆற்றங்கரையிலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. றிச்மண்ட் எதிர்க்கரையில் உள்ள மாபிள் ஹில் தோட்டத்தில் வீடுகள் எழும் என்ற நிலை தோன்றியபோது, மலைமுகட்டிலிருந்து காணும் நதிக்காட்சி அழியும் என எதிர்ப்பு மூண்டது. தோட்டம் பொதுப்பணத்தாலும் நன்கொடையாலும் வாங்கப்பட்டு 1903 இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அப்பூங்காவிலிருந்து இழுவைப் பாதைக்குச் செல்ல விரும்பியோரை வால்ற்றர் ஹமேட்டன் என்னும் படகோட்டி 1909 முதல் ஒரு பென்னிக்கு அக்கரை சேர்த்தார். அருகே நெடுங்காலமாக இருந்துவந்த ஓடத்துறையின் உரிமையாளரான டைசாட் பிரபு, ஆற்றைக் கடத்தும் உரிமை தமக்கே உரியதென வழக்காடினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. புதிய பூங்காவினால் எழுந்த புதிய போக்குவரத்தைப் பழைய துறையின் தனியுரிமை கட்டுப்படுத்தாது என 1915 இல் படகோட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர் பெயர் தாங்கிய ஓடத்துறை இன்றும் வழங்குகின்றது.

இவற்றை மட்டும் கூறி நிறுத்தினால் இது மக்கள் வெற்றியின் கதையாக முடிந்துவிடும். வரலாறு அத்துணை எளிமையானதன்று. 1902 ஆம் ஆண்டின் றிச்மண்ட், பீற்றஷாம், ஹாம் திறந்தவெளிச் சட்டத்தின் மூலம் டைசாட் குடும்பம் ஆற்றங்கரை நிலங்கள் சிலவற்றைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதற்குக் கைம்மாறாக, ஹாம் வயல்களில் அறுவடைக்குப் பின் ஊரார் தம் கால்நடைகளை மேய்த்துவந்த பழைய உரிமை ஒழிக்கப்பட்டது. நகரத்தார் காட்சியைப் பெற்றனர்; ஊரார் மேய்ச்சலை இழந்தனர். உரிமைக்கட்டு நீங்கிய வயல்களில் பின்னர் பருக்கைக்கல் அகழப்பட்டது. அகழ்ந்த பள்ளங்கள், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் இடிந்த இலண்டன் கட்டடங்களின் சிதைவுகளால் நிரப்பப்பட்டன. இன்று பறவைகளும் காட்டுப்பூக்களும் நிறைந்த இயற்கைக் காப்பிடமாக நடைபயணி கண்டு மகிழும் ஹாம் நிலம் இவ்வாறு உருவானதே. அழகிய நிலக்காட்சி ஒன்றின் அடியில் எத்தனை இழப்புக்கள் புதைந்துள்ளன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கை வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு தொடர்பு நினைவிற்கு வரும். 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் குடியியற் சேவையாளராகப் பணியாற்றிய லெனாட் வூல்வ், 1915 முதல் 1924 வரை மனைவி வேர்ஜீனியாவுடன் றிச்மண்டில் வாழ்ந்தார். அவ்வில்லத்திலேயே 1917 இல் இருவரும் ஹோகாத் அச்சகத்தை நிறுவினர். ஆற்றங்கரை உலாக்கள் வேர்ஜீனியாவின் நாட்குறிப்புக்களில் இடம்பெறுகின்றன. 1913 இல் வெளியான, சிங்களத்தில் 'பெத்தேகம' என அறியப்படும் வூல்வின் நாவலில், சேனைப் பயிர்ச்செய்கை அரசாங்கத்தின் அனுமதிச்சீட்டிலும் தலைமைக்காரரின் தயவிலும் தங்கியிருப்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் அழிவுக்கு வழிகோலுகின்றது. வழக்காற்றால் வந்த உரிமை எழுத்திலமைந்த அனுமதியாக மாறும்போது எளியோர் இழப்பது யாது என்பதை அம்பாந்தோட்டைக் காட்டில் உணர்ந்த ஒருவர், அதே கேள்வி புதைந்துகிடந்த ஹாம் வயல்களுக்கு அண்மையில் வாழ்ந்தமை சிந்தனைக்குரியது.

1949 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநடைவழிகளை வரைபடங்களிற் பதிவுசெய்ய வழிவகுத்தது. 1996 இல், நதிமூலத்திலிருந்து இலண்டன் வரை ஏறத்தாழ 184 மைல் நீளும் தேம்ஸ் பாதை தேசிய நடைவழியாகத் திறக்கப்பட்டபோது றிச்மண்ட் – கிங்ஸ்ரன் வழியும் அதன் பகுதியாயிற்று. ஆயினும் பெருக்கு மிகும் நாட்களில் றிச்மண்ட் கரையில் நீர் பாதையை மூடுகின்றது. பருக்கைக்கல் பரவிய இடங்கள் சக்கர நாற்காலிக்கு இசைவன அல்ல. அனைவருக்கும் உரிய வழி என்பது ஒருமுறை வென்று முடித்த விடயமன்று.

தொகுத்து நோக்கின், இவ்வழியைச் சமன்செய்தது படகிழுத்தோரின் உழைப்பு. திறந்துவைத்தது வழக்காடியோரின் விடாமுயற்சி. அதன் பசுமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது ஓர் ஊரின் மேய்ச்சலுரிமை. பொதுவழி ஒன்றின் தகுதியை அளப்பதற்கு 1758 இன் ஏணிவழக்கு தரும் அளவுகோலே இன்றும் பொருந்தும்: வலியவர் ஏறுகின்றனரா என்பதன்று கேள்வி, கிழவியும் குழந்தையும் ஏற முடிகின்றதா என்பதே. நம் நாட்டின் குளக்கட்டுக்களையும் ஆற்றங்கரைகளையும் வண்டிப்பாதைகளையும் ஆராயப் புகும் மாணவர் இவ்வினாவையும் உடன்கொண்டு செல்வாராயின், நமது சமூக வரலாற்றின் எழுதப்படாத பக்கங்கள் பல வெளிச்சம் பெறும்.