டாய் ஸ்டோரியும் டாய் ஸ்டோரி 2-உம்: ஒரு வரலாற்று ஒப்பீடு

டாய் ஸ்டோரி, 1995 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் வெளியான அசைவூட்டத் திரைப்படம் ஆகும். முழுவதும் கணினியிலேயே உருவாக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் இதுவே. பிக்சார் நிறுவனம் தயாரித்த இப்படத்தை ஜான் லாசெட்டர் இயக்கினார். வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டது. இதன் தொடர்ச்சியான டாய் ஸ்டோரி 2, 1999 நவம்பரில் வெளியானது. தொடர்ச்சிப் படங்கள் முதல் படத்தை விடத் தரம் குறைந்தவை என்ற பொதுவான எண்ணத்துக்கு விதிவிலக்காக இப்படம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

முதல் படத்தின் பின்னணி

பொம்மையைக் கதைத் தலைவனாகக் கொண்ட டின் டாய் என்னும் குறும்படத்தை பிக்சார் 1988இல் உருவாக்கியது. அது ஆஸ்கர் விருது பெற்றது. இதையடுத்து 1991இல் டிஸ்னியுடன் முழுநீளப் படங்களுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆனால் 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னி அதிகாரிகளுக்குக் காட்டப்பட்ட வரைவு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதைத் தலைவனான வூடி, அந்த வரைவில் பிற பொம்மைகளை இழிவாகப் பேசும் கொடுமைக்காரனாக இருந்தான். தயாரிப்பு நிறுத்தப்பட்டது. வூடியை இரக்கத்துக்குரியவனாக மாற்றிக் கதை திருத்தப்பட்ட பின்னரே பணி மீண்டும் தொடங்கியது. 81 நிமிடம் ஓடும் அப்படத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படச்சட்டங்கள் கணினியில் உருவாக்கப்பட்டன.

வீட்டுக் காணொளியாகத் தொடங்கிய தொடர்ச்சி

அக்காலத்தில் டிஸ்னி தன் வெற்றிப்படங்களின் தொடர்ச்சிகளைத் திரையரங்குக்குக் கொண்டுவராமல், குறைந்த செலவில் எடுத்து நேரடியாகக் காணொளி நாடாக்களாக விற்று வந்தது. அலாதீன் படத்தின் தொடர்ச்சி 1994இல் இவ்வாறுதான் வெளியானது. டாய் ஸ்டோரி 2-உம் அதே நோக்கத்துடன் தொடங்கப்பட்டது. பிக்சாரின் அனுபவம் மிக்க குழுவினர் எ பக்ஸ் லைஃப் படத்தில் ஈடுபட்டிருந்ததால், இப்பணி வேறொரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர், 1998இல், இதைத் திரையரங்கப் படமாக உயர்த்துவதென முடிவாயிற்று.

அதே ஆண்டில் பெரும் விபத்து ஒன்று நேர்ந்தது. தவறாக இடப்பட்ட ஒரு கணினிக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதிகளும் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றி வந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அக்கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து நிறுவனத்துக்குக் கொண்டுவந்தனர். அழிந்த கோப்புகளில் பெரும்பாலானவை இவ்வாறு மீட்கப்பட்டன.

எனினும், மீட்கப்பட்ட அந்தப் படமும் நிலைக்கவில்லை. எ பக்ஸ் லைஃப் வெளியான பின் லாசெட்டரும் அவரது குழுவினரும் இரண்டாம் பாகத்தைப் பார்த்தனர். வெளியீட்டுக்குச் சுமார் ஒன்பது மாதங்களே இருந்தன. கதையில் உயிர்ப்பு இல்லை என்று கருதிய அவர்கள், அதைப் பெரும்பாலும் மாற்றியமைக்க முடிவு செய்தனர். லாசெட்டரே இயக்குநர் பொறுப்பை ஏற்றார். லீ அன்கிரிச்சும் ஆஷ் பிரானனும் இணை இயக்குநர்களாகப் பணியாற்றினர்.

கதையில் உள்ள வேறுபாடு

முதல் படத்தில் வூடியின் அச்சம், தன் இடத்தை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்பதாகும். சிறுவன் ஆண்டிக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த பஸ் லைட்இயர் என்னும் விண்வெளி வீரர் பொம்மையே அந்த அச்சத்துக்குக் காரணம். பகையிலிருந்து நட்புக்கு நகர்வதே கதையின் போக்கு. இறுதியில் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாம் படத்தின் அச்சம் தீர்க்க முடியாதது. ஆண்டி ஒருநாள் வளர்ந்துவிடுவான். அப்போது பொம்மைகளின் கதி என்ன? பொம்மை வணிகன் ஒருவனால் திருடப்படும் வூடி, தான் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் நாயகன் என்றும் அரிய சேகரிப்புப் பொருள் என்றும் அறிகிறான். டோக்கியோவிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்றால், உடையாமல், மறக்கப்படாமல், கண்ணாடிக்குள் என்றும் இருக்கலாம். திரும்பிச் சென்றால் சில ஆண்டுகளுக்கு மட்டுமே ஒரு குழந்தையின் அன்பு கிடைக்கும். வளர்ந்துவிட்ட சிறுமியால் கைவிடப்பட்ட ஜெஸ்ஸியின் கதை, ஒரு பாடலின் ஊடே சொல்லப்படுகிறது. இப்பகுதியே அந்தக் கேள்விக்குக் கனம் சேர்க்கிறது. வூடி திரும்புவது, இழப்பு வரும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவாகும்.

தொழில்நுட்பம்

முதல் படம் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்ததற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். நெகிழிப் பரப்புகளைக் காட்டுவது அன்றைய கணினிகளுக்கு எளிது. மனிதத் தோலும் முடியும் கடினம். எனவே மனிதர்கள் அதில் குறைவாகவே தோன்றுகின்றனர். நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. வணிகன் அல்லின் முகத்தில் மழிக்கப்படாத தாடிமயிர் தெரிகிறது. நாய்க்குட்டியின் உரோமமும், அலமாரியில் படிந்த தூசியும் நம்பும்படி அமைந்துள்ளன. பிக்சாரின் 1997ஆம் ஆண்டுக் குறும்படத்தில் வந்த முதியவர் ஜெரி, இதில் பொம்மை பழுதுபார்ப்பவராக மீண்டும் வருகிறார்.

வரவேற்பும் விலையும்

முதல் படம் உலகளவில் 35 கோடி டாலருக்கு மேலும், இரண்டாம் படம் 48 கோடி டாலருக்கு மேலும் வசூலித்தன. முதல் படத்துக்காக லாசெட்டர் சிறப்பு ஆஸ்கர் விருது பெற்றார். இரண்டாம் படம் இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படத்துக்கான கோல்டன் குளோப் விருதை வென்றது.

இவ்வெற்றிக்குப் பணியாளர்கள் கொடுத்த விலை அதிகம். இரவு பகலாக வேலை செய்ததில் பலருக்குக் கை, மணிக்கட்டு பாதிப்புகள் ஏற்பட்டன. களைப்புற்ற பணியாளர் ஒருவர், குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்த நிகழ்வும் உண்டு. குழந்தை உரிய நேரத்தில் காப்பாற்றப்பட்டது. நிறுவனத் தலைவர்களில் ஒருவரான எட் கேட்மல், இத்தகைய நெருக்கடி மீண்டும் நேரக்கூடாது என்று இதைப் பின்னர் பதிவு செய்தார். அடிப்படைக் கதை இரு குழுக்களிடமும் ஒன்றாகவே இருந்தும் விளைவு வேறுபட்டதால், நல்ல கருத்தை விட நல்ல குழுவே முக்கியம் என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

இரண்டு படங்களும் தோல்வியின் விளிம்புக்குச் சென்று, திருத்தி எழுதப்பட்டு மீண்டவை. முதல் படத்துக்குத் திருத்திக்கொள்ள இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. இரண்டாம் படத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அக்குறையை அதன் பணியாளர்கள் தம் உடலால் ஈடுகட்டினர்.