காலிமுகத்திடலும் வன்னியும்: 2022 ஆம் ஆண்டு மாணவர் போராட்டத்தின் வரலாற்றுப் படிப்பினை

2022 ஏப்பிரல் 9 ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில் நிலைகொண்ட மக்கள் கிளர்ச்சி, பதவியிலிருந்த சனாதிபதி ஒருவரை யூலை மாதத்தில் நாட்டைவிட்டு ஓடச் செய்தது. ஊழலுக்கும் குடும்பவாட்சிக்கும் எதிரான அக்கிளர்ச்சி பல்வேறு வர்க்கப் பிரிவினரின் கூட்டு முயற்சியே எனினும், அதற்கு அமைப்புப் பலம் வழங்கியோருள் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் முதன்மையானது. ஆயின் வன்னிப் பெருநிலப்பரப்பு ஒப்பீட்டளவில் ஒதுங்கியே நின்றது. இதன் காரணத்தை ஆராயாது அப்போராட்டத்தை முழுமையாக மதிப்பிடல் இயலாது.

வன்னி மக்கள் நெருக்கடியால் பாதிக்கப்படவில்லை என்பது பொருந்தாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இரணைமடுக் குளத்தை நம்பிய நெற்செய்கையாளரும், 2022 இல் மண்ணெண்ணெய் அருகியபோது முல்லைத்தீவு மீனவரும் நாட்டின் ஏனைய உழைப்பாளரைப் போலவே நலிந்தனர். பொருளாதார நிலையில் துன்பம் பொதுவானது. வேறுபட்டது வரலாற்று அனுபவம்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கோரி வீதியோரத்தில் அமர்ந்தனர். காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தபோது கிளிநொச்சித் தாய்மார் ஐந்தாண்டுகளைக் கடந்திருந்தனர். தெற்கின் முழக்கங்கள் களவாடப்பட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டன. காணியையும் பிள்ளைகளையும் கேட்டோரின் குரல் அவற்றுள் மிக மெலிதாகவே ஒலித்தது.

அரசின் எதிர்வினை இவ்விரு அனுபவங்களையும் ஒரு புள்ளியில் இணைத்தது. யூலை 22 ஆம் திகதி அதிகாலையில் காலிமுகத்திடல் படைபலத்தால் தாக்கப்பட்டது. ஓகஸ்ட் 18 ஆம் திகதி ஒன்றியத்தின் அமைப்பாளர் வசந்த முதலிகே, கல்வெவ சிறிதம்ம தேரர், ஹசாந்த குணதிலக ஆகியோர் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். தடுப்புக்காவல் உத்தரவில் ஒப்பமிட்டவர் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. 1979 இல் அச்சட்டம் தற்காலிகமானதென நிறைவேற்றப்பட்ட வேளையில் இளைஞர் விவகார அமைச்சராக இருந்தவரும் அவரே. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம், பொலிஸ் உயரதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தையே நீதிமன்றில் சான்றாக்கியது. தமிழ் இளைஞர் பலர் அதனாலேயே ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். முதலிகேயை அச்சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து கொழும்பு நீதவான் நீதிமன்றம் 2023 சனவரி 31 ஆம் திகதி விடுவிக்க ஐந்து மாதங்களுக்கு மேல் சென்றது. வன்னியில் பழகிய கருவியே கொழும்பில் எடுத்தாளப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஊழலைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்வோர் இத்தொடர்பைக் காணத் தவறுவர். கேள்வி கேட்போரைப் பகைவராக்கும் அதிகாரம் எங்கு வளர்கிறதோ அங்குப் பொதுச்செல்வத்தைச் சூறையாடுதலும் எளிதாகிறது. போர்க்காலமெங்கும் பாதுகாப்பின் பெயரால் அவ்வதிகாரத்தை அங்கீகரித்த தென்னிலங்கைச் சமூகம், அதன் விலையை 2022 இல் தானும் செலுத்தியது. மறுபுறம், அப்போராட்டத்தைச் 'சிங்களவரின் உள்வீட்டுப் பிணக்கு' என ஒதுக்கிய தமிழ்த் தேசியவாதக் கூற்றும் விமர்சனத்துக்குரியதே. உரமின்றி வாடிய உழவனுக்கு அது உள்வீட்டுப் பிணக்கன்று.

2022 மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டமை ஒரு தொடக்கம். அதனை மிகைப்படுத்தவும் வேண்டா, புறக்கணிக்கவும் வேண்டா. 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரரும் உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பென்று தீர்ப்பளித்தது. நாட்டின் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள், கிளிநொச்சி முன்றலில் கேட்கப்பட்ட கணக்கையும் தமதாகக் கொள்ளும்போதே மாணவர் இயக்கம் இலங்கை மக்கள் அனைவரதும் இயக்கமாக வளரும் என்பது நமது துணிபு.