வழி சொன்ன முகவரிகள்

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வருமுன், நம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு மடல் வரைவோர் ஊர்ப்பெயரின் கீழே 'செஞ்சி (வழி)' என்று குறிப்பது உண்டு. பெறுபவரை மட்டுமன்றி, மடல் செல்லும் வழியையும் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். கணிப்பொறிகளிடையே நடந்த தொடக்ககால மின்னஞ்சலும் இந்நிலையில்தான் இருந்தது.

1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஆள்பெயருக்கும் பொறிப்பெயருக்கும் இடையே @ குறியை வைத்தார். அது அர்ப்பாநெட்டில் இணைந்த சில நிறுவனங்களுக்கே வாய்த்தது. பிறர்க்குக் கைகொடுத்தது, 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூயூசிபி முறை. ஒரு பொறி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து மடல்களை ஒப்படைக்கும்; அது அடுத்ததை அழைக்கும். கட்டணம் குறையும் இரவுக்காக மடல்கள் காத்துக் கிடக்கும். முகவரியோ வியப்புக்குறிகளால் கோத்த மாலை: 'யூயூநெட்!சக்தி!இளங்கோ' என்றால் முதலில் யூயூநெட், பிறகு சக்தி, அங்கே இளங்கோ. இடையில் ஒரு பொறி உறங்கினால் மடலும் உறங்கும். இரு குறிகளும் ஒரே முகவரியில் கலந்துவிட்டால், எதை முதலில் கொள்வது என்று பொறிகளே மாறுபடும். கொண்டுகூட்டில் உரையாசிரியர்கள் மாறுபடக் கண்ட நமக்கு இது புதிதன்று.

இளங்கோ யான் இட்ட பெயர், சக்தி மெய்ப்பெயர். பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் இருந்த பொறி அது. 1986இல் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு எர்நெட் வலையைத் தொடங்கியது. அம்மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், புதுதில்லியில் அத்துறை என எட்டு இடங்கள். கிண்டியில் எழுதிய அயல்நாட்டு மடலும் பம்பாய் வழியேதான் கடல் கடந்தது. 1989இல் வர்ஜீனியாவின் யூயூநெட்டுக்குக் கிடைத்த குத்தகைத் தடத்தின் வேகம் நொடிக்கு 9,600 பிட். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு எழுத்துகள்.

பெயரையும் வழியையும் பிரித்தது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த களப்பெயர் முறை. 'இன்' என்னும் இந்தியக் களம் 1989இல் பதிவாயிற்று. (பம்பாய் மையத்தின் மற்றொரு பொறிக்குப் பெயர் 'சங்கம்' என்பது நம்மவர் மகிழத்தக்கது.) இம்மாற்றத்தை வெறும் வசதி என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பழைய முறையில் சிற்றிடத்தார் தம் முகவரியைச் சொல்லப் பேரிடத்தின் பெயரை முன்வைத்தாக வேண்டும். பெரும்பொறி கைவிட்டால் அவர் பெயரே செல்லாது. புதிய முறையில் வழி மாறினும் பெயர் மாறுவதில்லை.

வழி முகவரியை விட்டு நீங்கியதே அன்றி அழிந்துவிடவில்லை. இன்றும் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும், கடந்துவந்த பொறிகள் அஞ்சல் முத்திரை போலத் தம் பெயரையும் நேரத்தையும் பதித்தே அனுப்புகின்றன. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.